எட்டுமூலைக் கடையை ஊன்றிய இடங்கள்

தொப்பூர் இறக்கத்தில் வண்டியை நிறுத்தும் லாரி டிரைவர்கள் எங்கள் டீக்கடையை எட்டுமூலைக் கடை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதைச் செய்தவர்கள் டீக்கடைக்காகச் செய்யவில்லை. ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில், வெள்ளைக்காரத் துரையின் குடும்பம் சாயங்காலம் உட்கார்ந்து பேசுவதற்காகப் பூச்செடிகளுக்கு நடுவே நிறுத்திய மர மண்டபம் அது. எட்டுத் தேக்குக் கால்கள், அவற்றின் தலைகளைச் சுற்றிப் பிணைக்கும் உத்தரங்கள், மேலே குடை மாதிரி குவிந்த தகரக் கூரை. எல்லாப் பக்கமும் காற்று வரும்.

என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர். தருமபுரி தனி மாவட்டமான மறுவருஷம், அந்தப் பங்களாவை வாங்கிய புது முதலாளி கதவு சன்னல்களைப் பழுது பார்க்க அவரை மலைக்கு வரவழைத்திருந்தார். வேலை முடிகிற சமயத்தில், கார் நிறுத்த இந்த மண்டபம் இடைஞ்சலாக இருக்கிறது, கூலியில் பாதிக்கு இதை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டாராம். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாங்கள் தருமபுரியில் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு நாள் லாரி வந்து நின்றது. இறங்கியது முழுக்க மரம்.

"கூலி எங்கீங்க?" என்றேன்.

"இதான் கூலி."

"இத வெச்சி அடுப்பெரிக்கறதா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு காலையும் ஒரு உத்தரத்தையும் எடுத்து, வாயோடு வாய் வைத்துப் பொருத்திக் காட்டினார். ஒரு ஆணி இல்லை. தட்டினால் இறுகுகிறது, திருப்பித் தட்டினால் கழன்றுவிடுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் எந்தக் கால் எந்த உத்தரத்துக்கு என்று உளியால் கோடு கீறி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால், இதற்குள் ஒரு அடுப்பை வைத்து டீ போட்டால் என்ன?

முதலில் பாலக்கோட்டில் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். செம்மண் தரை. கால்களை மண்ணுக்குள் புதைத்தால் கரையான் விடாது என்று, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தட்டைக்கல் வைத்தார். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை அடித்து, அந்தப் பட்டையை மண்ணில் சாய்வாக இறக்கிய இரும்பு முளையோடு இணைத்தார். பார்க்க அசையாமல் நின்றது. தக்காளி கொண்டுவருகிறவர்களும் தரகர்களும் விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடைமழைக்கு முன்னால் காற்று எழும்பியது. கூரைக்கு அடியில் புகுந்த காற்று வெளியேற வழி தெரியாமல் மண்டபத்தையே தூக்கியது. ஒரு பக்கத்துக் கால்கள் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சாண் மேலே எழும்பி, மறுபடியும் கல்லின்மேல் தடாலென்று இறங்கின. பால் குண்டா கவிழ்ந்து அடுப்பு அணைந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"கீழ எறங்கிடுமோன்னுதான் பயந்தேன். இது மேல கெளம்புது பாரு," என்றார் அவர். அவர் குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் இடுப்பாழத்துக்குக் குழி எடுத்து, கருவேலங்கட்டை ஒன்றைப் படுக்கப் போட்டு, அதில் முறுக்குக் கம்பியைக் கட்டி மேலே கொண்டுவந்து காலோடு இறுக்கினார். குழியை மூடிக் கடப்பாரையின் அடிமுனையால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தினார். இனிமேல் மண்டபம் கிளம்ப வேண்டுமென்றால் அந்த மண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் காற்றுக்கும் அது அசையவில்லை.

பாலக்கோட்டில் இருக்கும்போதுதான் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவத்துக்குத் தருமபுரி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். எனக்கு அம்மா இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்குத் துணையாக அவளுடைய நாத்தனார் வந்திருந்தார். தொப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், எங்களைப் போலவே வேதக்காரர்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் தனியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவர் தன் தம்பி மனைவிக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். வலி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். குழந்தையை முதலில் வாங்கியதும் அவர் கைதான்.

"பொம்பளப் புள்ள, கண்ணு. கருகருன்னு தலமுடி," என்றார்.

ஞானஸ்நானத்துக்கு அவரைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நல்ல நாள், நோவு நொடி எதற்கும் பஸ் ஏறி வந்துவிடுவார். வரும்போது மடியில் கொஞ்சம் கடலை, கொஞ்சம் அவரை, என் மகளுக்குக் கலர் ரிப்பன்.

சந்தைப் பக்கத்து இடம் மறு ஏலத்தில் வேறொருவருக்குப் போயிற்று. குழிகளைத் தோண்டிக் கம்பியை அறுத்து, மூட்டுகளைத் தட்டிப் பிரித்து, வண்டியில் ஏற்றித் தருமபுரிக்கு வெளியே பெங்களூர் ரோட்டோரம் கொண்டுவந்தோம். அங்கே தரையே இல்லை, எல்லாம் பாறை. யானை படுத்த மாதிரி ஒரு வெறும் பாறை. முளையும் இறங்காது, குழியும் எடுக்க முடியாது. கல் உடைக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து உளியும் சம்மட்டியுமாகப் பாறையில் துளை போட்டார்கள். அதில் இரும்புக் கம்பியை நிறுத்தி, உருக்கிய ஈயத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். துளைக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் அடிக்கும் என்று எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே போட்டுக் காயவைத்தார்கள். ஈயம் ஆறினதும் என் வீட்டுக்காரர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பாறைக்குள்ளிருந்தே முளைத்தது போல நின்றது. அந்தக் கம்பிகளோடு எட்டுக் கால்களையும் சேர்த்து நட்டுப் போட்டு முடுக்கினார்.

மண்டபம் நின்றது, நாங்கள்தான் அங்கே நிற்க முடியவில்லை. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். குடிதண்ணீருக்கு வெகுதூரம் போக வேண்டும். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தோம். அதற்குள் அந்தப் பாறையை ஜல்லிக்கு உடைக்கக் குத்தகை கொடுத்துவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்னான். நட்டுகளைக் கழற்றினோம். மறுபடியும் வாடகை வீட்டு வாசலில் மரக்குவியல்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வந்தார். மரக்குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கி இப்பிடி கொரங்கு குட்டியத் தூக்கிட்டு அலையற மாதிரி அலைவீங்க? எங்க நெலம் ரோட்டுமேலயே கெடக்குது. லாரியெல்லாம் அங்கதான் நிக்குது. வந்து போடுங்க."

"வாடகை என்னக்கா?"

"காத்தால ஒரு டீ குடு. நான் யாரு, உம்புள்ளைக்கி அம்மா இல்லியா?"

நான் அன்றைக்கு அழுதேன். அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

தொப்பூரில் அவர்களுடைய நிலம் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும். ரோடு போட்டபோது வெட்டிய மண்ணையும் கல்லையும் கொட்டி ஓரத்தை மட்டமாக்கி வைத்திருந்தார்கள். கொட்டின மண் என்பதால் முளை அடித்தால் கையாலேயே பிடுங்கிவிடலாம். போதாததற்குக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று. ஆடி மாதத்தில் அங்கே ஆள் சாய்ந்துதான் நடக்க வேண்டும். கான்கிரீட் போடாமல் முடியாது என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். ஆனால் அவர் நினைத்த முறை வேறு. குழியில் கான்கிரீட் போட்டு, அதில் இரும்புப் பட்டையை மட்டும் நட்டு, மண்டபத்தின் காலை அந்தப் பட்டைக்கு நடுவில் நிறுத்தி போல்ட் போட்டு முடுக்குவது. வேண்டாமென்றால் போல்ட்டைக் கழற்றினால் போதும்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நட்டு போல்ட்டெல்லாம் லாரி போற அதிர்வுல கழண்டுக்கும், தம்பி," என்றார் அக்கா. "காலையே கான்கிரீட்டுல எறக்கிடுங்க. ஒரேயடியா நிக்கட்டும்."

"காலு மரங்க. மக்கிப்போவும்."

"தார் பூசி எறக்குனா மக்குமா? நீங்க தச்சரு, உங்களுக்குத் தெரியாததா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "இன்னும் எங்க தூக்கிட்டுப் போலாம்னு நெனக்கிறீங்க? நான் இருக்கற வரைக்கும் இங்க யாரு உங்கள எழுப்புவாங்க?" என்றார். அதற்குமேல் பட்டை, போல்ட் என்று பேசினால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். என் வீட்டுக்காரர் தார் வாங்கிவரப் போனார்.

அந்த வேலை நாட்கள் என் நினைவில் சந்தோஷமாகவே இருந்தன, ரொம்ப வருஷத்துக்கு. கால்களின் அடிப்பகுதியைத் தாரில் தோய்த்துக் காயவைத்தோம். குழியில் உடைகல் போட்டு, காலை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நேர்பார்த்து, கான்கிரீட்டைக் கொட்டினோம். எல்லாவற்றுக்கும் தண்ணீர் சுமந்தது அக்கா. சரிவில் கீழே இருந்த அவர்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாக, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. மத்தியானம் களியும் கீரையும் அவர் வீட்டிலிருந்து வரும். கான்கிரீட் போட்டு முடிந்த பிறகும் ஈரச்சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். நன்றாக இறுக வேண்டுமே என்று எங்களைவிட அவருக்குத்தான் கவலை. பிறகு கால்களுக்கு நடுவே இடுப்பளவு செங்கல் சுவரும், உள்ளே சிமெண்டுத் தரையும் அவர்களே போட்டுக்கொடுத்தார்கள். வேண்டாம் என்றதற்கு, "எம்மவளுக்குச் செய்யறேன், உனக்கா செய்யறேன்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

கடை நன்றாக ஓடியது. இறக்கத்தில் வரும் லாரிகள் பிரேக் சூடு ஆற நிற்கும். ஏறப்போகும் லாரிகள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கும். டீ, பன், பிறகு இட்லி, பிறகு மத்தியானச் சோறு. என் மகள் அக்கா வீட்டுக்கும் எங்கள் கடைக்கும் நடுவே அந்தச் சரிவில் ஓடி ஓடியே வளர்ந்தாள். யார் வீட்டில் தூங்குகிறாள் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதுகூட இல்லை.

அக்காவுக்கு ஒரே மகன். பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள் என்று மனைவியோடு ஊர் திரும்பினான். கடைக்கு வந்து உட்காருவான், எவ்வளவு பால் ஆகிறது, எத்தனை லாரி நிற்கிறது என்று கேட்பான். பொழுதுபோகாமல் கேட்கிறான் என்று நினைத்து நானும் சொல்லுவேன்.

ஒரு நாள் காலையில் அக்கா வந்தார். டீயை நீட்டினேன். வாங்கவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். அடுத்த மாசத்துலருந்து பையன் கடையப் பாத்துக்கறேங்கறான்."

எனக்குப் புரியவில்லை. "கூட வந்து ஒத்தாசையா இருக்கறேங்கறானா?"

"இல்ல. அவனே நடத்தறேங்கறான்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "உங்க எடம், நீங்க சொன்னா நாங்க எடத்த விட்டுடறோம்," என்று மெதுவாகச் சொன்னார். "ஒரு வாரம் குடுங்க, மண்டபத்தப் பிரிச்சிக்கறோம்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதெப்பிடித் தம்பி பிரிப்பீங்க? அது நெலத்தோட சேந்துபோச்சில்ல."

அவர் திரும்பிச் சரிவில் இறங்கிப் போனார். என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள். அவரையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

மாதா கோயில் தாழ்வாரத்தில் பங்குச் சாமியார் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மண்டபம் எங்களுடையது என்பதை யாரும் மறுக்கவில்லை, அக்காவும் மறுக்கவில்லை. ஒரு பெரியவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"மரத்த அப்பிடியே கழட்ட முடியுமாப்பா?"

"முடியாதுங்க. அறுத்துத்தான் எடுக்கோணும்."

"அறுத்தா சுவரு, தரை?"

"ஒடையும்."

"சுவரும் தரையும் யாரு போட்டது?"

"அவங்கதாங்க."

அவர் உள்ளதைச் சொன்னார். அந்த உள்ளதே எங்களுக்கு எதிராகப் போய் நின்றது. கால்களைக் கான்கிரீட்டில் இறக்கச் சொன்னதும் இவர்தானே என்று நான் அக்காவைக் காட்டிச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தே பேசினார். "நான் சொன்னேன். சம்மதிச்சி எறக்குனது நீங்கதான? கழட்ட முடியாதுன்னு தெரிஞ்சிதான எறக்குனீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஒருவேளை தாங்கியிருப்பேன்.

இரண்டு குடும்பமும் சேர்ந்து நடத்தலாமே என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். மகன் முடியாது என்றான். கடைசியில் பாத்திரம், பெஞ்சு, அடுப்பு இவற்றை எடுத்துக்கொள்ளலாம், நிலத்தில் நிற்பதைச் சேதம் பண்ணக்கூடாது என்று முடிவானது.

இரண்டு நாள் என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். ரம்பத்தையும் காணோம். நான் ஓடினேன். ரோட்டுப் பக்கத்துக் காலின் அருகே மண்டியிட்டு, சுவருக்குள் நிற்கிற அடிப்பாகம் போனாலும் போகட்டும் என்று சுவருக்கு மேலாக ரம்பத்தை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். தேக்குத் தூள் சிமெண்டுத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மகன் கையில் கட்டையோடு ஓடிவந்தான். அவனைத் தள்ளிவிட்டு அக்கா முன்னால் வந்தார். வந்து, ரம்பம் ஓடுகிற இடத்திலேயே அந்தக் காலைச் சுற்றித் தன் இரண்டு கைகளையும் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்கறதுன்னா எங்கையையும் சேத்து அறு, தம்பி."

என் பிரசவத்தில் என்னைப் பிடித்திருந்த கைகள். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ரம்பத்தைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு வெட்டிலிருந்து அதை மெதுவாக உருவி, துடைத்து, சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தார். ரோட்டில் நின்றிருந்த லாரிக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் சாமான்களோடு பஸ்ஸுக்கு நின்ற அன்று அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். எங்கள் பெஞ்சைத் தூக்கி பஸ்ஸின் மேலே போட உதவினார். என் வீட்டுக்காரர் மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மனசுக்கு ஆவல தாயி, அதான் சொல்றேன். நீங்க தொப்பூருக்கு வர்றதுக்கு முந்தியே அவ பத்திரம் எழுதறவருகிட்டப் போயிக் கேட்டுட்டு வந்தா. சும்மா நிறுத்துனா அவங்களுது, கான்கிரீட்டுல எறக்கி சுவரு கட்டிட்டா நம்மளுதுன்னு அவருதான் சொன்னாரு. நானும் கூடத்தான் போனேன்."

பஸ் கிளம்பிவிட்டது. தருமபுரி வரும்வரை அந்தக் குடங்கள்தான் என் கண்ணில் ஓடின. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஈரச்சாக்கின்மேல் அவர் தண்ணீர் விட்ட விதம். மகன் வந்து மனசைக் கெடுத்துவிட்டான் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பிடியும் கையை விட்டுப் போயிற்று. என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "களி கொண்டாந்தாங்களே, அப்பக்கூடவா?"

அவர் ஒரு மர டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குப் போனேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் யாராவது அன்பாக இரண்டு வார்த்தை பேசினால் எனக்கு உள்ளே ஒன்று சுருங்கிக்கொள்ளும். இவர் எங்கே போய் என்ன கேட்டுவிட்டு வந்து பேசுகிறார் என்று தோன்றும். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால்கூட, பதிலுக்கு ஏதாவது கொடுத்துக் கணக்கை முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதற்கு முன்னால் நான் அப்படி இருந்ததில்லை.

மகளுக்குக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை கொடுக்கும் புதுநன்மை நாள் வந்தது. அக்காவுக்கு நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் வந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் நிற்கிறார், கையில் ஒரு வெள்ளைக் கவுன். முன்னைவிட இளைத்திருந்தார். என் மகள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வந்தவரை வாசலோடு அனுப்ப எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வரச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சோறு போட்டேன். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். குழம்பு ஊற்றும்போது கேட்டுவிட்டேன்.

"தண்ணி தூக்கிட்டு வந்தப்பவே தெரியுமாக்கா?"

சோற்றில் அவர் கை நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பத்தான் நானும் காத்திருந்தேன்.

"தெரியும்," என்றார். "பையன் பெங்களூர்ல நெலையா இருக்கமாட்டான்னு எனக்குத் தெரியும் கண்ணு. வந்து வெறுங்கையோட நிப்பானேன்னு பயம். ஆனா உம்மேல, புள்ளமேல வெச்சது பொய்யில்ல. அதையும் நீ நம்போணும்."

"அத நம்பறதுதாங்க்கா எனக்குக் கஷ்டமா இருக்குது," என்றேன்.

அவர் மீதிச் சோற்றையும் சாப்பிட்டார். எழுந்து கைகழுவினார். என் மகளின் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போகட்டுமா என்று மகள் என்னைக் கேட்டாள். போ என்றேன். அவள் அந்த வெள்ளைக் கவுனை அப்போதே மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டி நடந்தாள். தெருமுனையில் அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டேன். மகள் திரும்பி வந்து, "அம்மா பஸ்ஸுல அழுதுட்டே போச்சு, ஏன்?" என்று கேட்டாள். வெயில் என்றேன். அவள் நம்பவில்லை.